பலகாரம் சுடாத வருடமும் கிறிஸ்மஸ்தானா?

உங்கள் கேள்வியை மேலோட்டமாகப் படித்தால், கிறிஸ்மஸுக்கு வீட்டில் நாம் செய்யும் ஏற்பாடுகளில் ஆன்மீக அர்த்தம் இருக்கிறதா, இருந்தால் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் தெரிகிறது. ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ஆகஸ்டில் மாமனார் தவறிவிட்டார். இந்த வருடம் நட்சத்திரம் வேண்டாம், பலகாரம் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கேட்டதும் உங்களுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி பாவமோ என்று இப்போது பயமாக இருக்கிறது. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் அண்ணன், "இதெல்லாம் வேதத்தில் எங்கே இருக்கு, விட்டதே நல்லது" என்று சொன்னது அந்தப் பயத்தைக் கூட்டிவிட்டது. ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: கல்யாணமாகி வந்த நாள் முதல் டிசம்பர் தோறும் செய்த வேலையைக் கடவுள் ஒரு பொருட்டாக எண்ணினாரா, அந்த வேலையை எடுத்துவிட்டால் கிறிஸ்மஸில் எனக்கென்று என்ன மிச்சம்?

நான் இறையியல் படித்தவள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கத்துப் பங்குகளில் பல வருடம் மறைக்கல்வி நடத்தியிருக்கிறேன். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரங்களான திருவருகைக் காலத்தில், அன்பியம் என்கிற அக்கம்பக்கத்து வீடுகளின் சிறு ஜெபக்குழுக் கூட்டங்களில் பெண்களோடு உட்கார்ந்து இதே கேள்வியைப் பேசியிருக்கிறேன். குருவானவர் அல்ல. நான் கத்தோலிக்கப் பழக்கத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ. வீடுகளிலும் இரட்சணிய சேனை வீடுகளிலும் சில வழக்கங்கள் வேறுபடும். அடுக்களையில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலில் உங்கள் அண்ணன் சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் பாதி சரி. நட்சத்திரம் தொங்கவிடு, குடில் கட்டு, முறுக்கு சுடு என்று வேதத்தில் எந்தக் கட்டளையும் இல்லை. டிசம்பர் 25 என்ற தேதியும் நற்செய்திகளில் இல்லை. ஆதிக் கிறிஸ்தவர்கள் உயிர்ப்பைத்தான் முதலில் விழாவாகக் கொண்டாடினார்கள். பிறப்பு விழாவை டிசம்பர் 25-இல் வைத்ததற்கு நமக்குக் கிடைக்கிற பழைய சான்று 354-ஆம் ஆண்டில் உரோமையில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி. அதில் உள்ள அந்தப் பட்டியல் 336-ஆம் ஆண்டளவில் உருவானது என்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். ஏன் அந்தத் தேதி என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. உரோமையரின் சூரிய விழாவுக்கு எதிராக வைத்தது என்பது ஒன்று. மார்ச் 25-இல் ஆண்டவர் கருவானார் என்று கொண்டு ஒன்பது மாதம் எண்ணியது என்பது இன்னொன்று. இதில் எது என்று இன்னும் தீரவில்லை. தீராத விஷயத்தை எடுத்து வீட்டில் சண்டை போடுவதில் எந்தப் பக்கத்துக்கும் நன்மையில்லை.

நற்செய்திகளில் இருப்பது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். லூக்காவில் பயணம் இருக்கிறது, தங்க இடமில்லாமை இருக்கிறது, துணியில் சுற்றிய குழந்தை, தீவனத் தொட்டி, இரவுக் காவலிலிருந்த இடையர்கள். மத்தேயுவில் நட்சத்திரமும் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளும் ஒரு வீடும் இருக்கின்றன. ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் நாம் மூன்று பேராக்கிக்கொண்டோம். குடிலில் நாம் வைக்கும் மாடும் கழுதையும் அந்த இரண்டு இடத்திலும் கிடையாது. தன் உடைமையாளனை மாடு அறியும், தன் தலைவனின் தீவனத் தொட்டியைக் கழுதை அறியும் என்ற எசாயா முதல் அதிகாரத்து வரியிலிருந்து அவை குடிலுக்குள் வந்து நின்றன.

இதுவரை அண்ணன் பக்கம். ஆனால் "வேதத்தில் கட்டளை இல்லை" என்பதிலிருந்து "ஆகையால் விட்டுவிடு" என்பது தானாக வராது. இதே தகராறு பவுலின் காலத்திலேயே இருந்தது. உரோமையருக்கு எழுதிய திருமுகம் 14-ஆம் அதிகாரத்தில், ஒருவர் ஒரு நாளைச் சிறப்பாகக் கருதுகிறார், இன்னொருவர் எல்லா நாளையும் ஒன்றாகக் கருதுகிறார், அவரவர் தம் மனதில் உறுதியாக இருக்கட்டும், நாளைக் கொண்டாடுகிறவர் ஆண்டவருக்காகவே கொண்டாடுகிறார் என்கிறார். ஒருவரை ஒருவர் தீர்ப்பிடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அந்த அதிகாரத்தை நீங்களும் அண்ணனும் சேர்ந்து வாசியுங்கள். அது உங்கள் இருவரையுமே கட்டுப்படுத்தும்.

இனி, அந்த வேலைகளுக்குக் கடவுளிடம் மதிப்பு உண்டா என்ற கேள்வி. இதில் திருச்சபையின் போதனை தெளிவானது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட, திருச்சபையைப் பற்றிய கொள்கைத் திரட்டு, 34-ஆம் பத்தியில், பொதுநிலையினரின் குடும்ப வாழ்வும் அன்றாட உழைப்பும், ஏன் ஓய்வும்கூட, தூய ஆவியில் செய்யப்பட்டால் கடவுளுக்கு உகந்த பலியாகின்றன என்றும், திருப்பலியில் ஆண்டவருடைய உடலோடு சேர்த்து அவை ஒப்புக்கொடுக்கப்படுகின்றன என்றும் சொல்கிறது. ஓய்வையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நிம்மதி வந்ததற்காகப் பயப்படுகிற உங்களுக்கு அது வேண்டிய செய்தி. ஆகவே அடுக்களை வேலை ஒரு பக்கம், ஜெபம் இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. "தூய ஆவியில் செய்யப்பட்டால்" என்ற நிபந்தனைதான் நமக்கு வேலை வைக்கிறது. நீங்கள் சுட்ட முறுக்கு அன்பில் சுட்டதா, "ஊரார் என்ன சொல்வார்கள்" என்ற பயத்தில் சுட்டதா என்று நான் எங்கோ இருந்துகொண்டு சொல்ல முடியாது. அநேகமாக இரண்டும் கலந்திருக்கும். நம் எல்லாருக்கும் அப்படித்தான்.

என் அனுபவத்தில் ஒரு விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அர்த்தத்தை ஒட்டவைக்கும்போது ஆன்மீகம் வருவதில்லை. டிசம்பர் பிறந்ததும் கைபேசியில் வந்து விழுமே, இந்த மிட்டாய் வளைந்திருப்பது இயேசுவின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து, அந்த இலையின் முள் முள்முடி என்று. அவற்றில் பலவற்றுக்கு வரலாற்று ஆதாரமே இல்லை. திருவருகைக்கால மெழுகுதிரி வளையத்தின் தொடக்கம் நமக்குத் தெரியும். 1839-இல் ஹாம்பர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர், கிறிஸ்மஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரி வைத்தார். காத்திருக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு நாளைக் கண்ணில் காட்டினார், அவ்வளவுதான். மெழுகுதிரிகளுக்கு நாம் இன்று சொல்லும் பெயர்கள் பிற்பாடு வந்தவை, இடத்துக்கு இடம் மாறுகிறவை. மனப்பாடம் செய்யாவிட்டால் ஒன்றும் குறையாது. ஒரு வேலைக்கு ஆன்மீகம் உண்டா என்று பார்க்க, அந்த வேலை யாருக்கு இடம் உண்டாக்குகிறது என்று கேட்டால் போதும். இடமில்லை என்ற சொல்லோடு தொடங்குகிற கதைக்கு நாம் செய்யும் ஆயத்தம் வேறு எதுவாக இருக்க முடியும்?

குடிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1223-ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு அசிசி நகர் பிரான்சிஸ், இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில், வைக்கோல் போட்ட தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும் ஏற்பாடு செய்யச் சொன்னார். அந்தத் தொட்டியை வைத்துத் திருப்பலி நடந்தது. திருத்தொண்டரான அவர் நற்செய்தியைப் பாடினார். குழந்தை எவ்வளவு வசதிக்குறைவில் கிடந்தது என்று கண்ணால் பார்க்கவேண்டும் என்பதே அவர் ஆசை. அதே பிரான்சிஸ், கிறிஸ்மஸ் நாளில் பணக்காரர்கள் ஏழைகளை வயிறாரச் சாப்பிடவைக்கவேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிடக் கூடுதல் தீவனம் போடவேண்டும் என்று சொன்னதாக அவருடைய முதல் வரலாற்றை எழுதியவர் குறித்திருக்கிறார். நம் ஊர்க் குடில்களில் இப்போது அருவி ஓடுகிறது, ரயில் ஓடுகிறது. பையன்கள் ராத்திரி பகல் பாராமல் கட்டுகிறார்கள். அந்த உழைப்பைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பரிசுக்காகக் கட்டும் குடிலில் குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக் குடில் சின்னதாக இருக்கட்டும். டிசம்பர் நடுவில் ஒரு தட்டில் மண் போட்டுச் சிறுபயறோ நெல்லோ விதைத்துப் பிள்ளைகளைத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். கிறிஸ்மஸுக்குள் பச்சைப்பசேலென்று வந்துவிடும், அதுவே குடிலின் வயல். தொட்டி 24 இரவு வரைக்கும் காலியாக இருக்கட்டும். ஞானிகளை வீட்டின் அந்தக் கோடியில் வைத்து, ஞானிகளின் வருகையைக் கொண்டாடும் திருக்காட்சி விழாவுக்குள் வந்துசேரும்படி நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தச் சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காத்திருப்பு என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில்லை. நல்ல செயல் ஒன்றுக்கு ஒரு வைக்கோல் என்று தொட்டியில் போடச் சொல்லும் பழக்கமும் உண்டு. அதில் ஒரு ஆபத்து: அண்ணன் போட்டது எத்தனை, நான் போட்டது எத்தனை என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். யார் போட்டது என்று யாரும் பார்க்காதபடி போடச் சொன்னால் சரியாகும்.

வீடு துப்புரவாக்குவதும் வெள்ளையடிப்பதும் அடுத்தது. ஐப்பசி கார்த்திகை மழையில் சுவரெல்லாம் பாசி பிடித்திருக்கும், சுரண்டித்தான் ஆகவேண்டும். "வீட்டைச் சுத்தம் செய்வதுபோல உள்ளத்தையும்" என்ற பிரசங்கத்தை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள், நான் அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. திருவருகைக் காலத்தில் நமக்கு வாசிக்கப்படும் திருமுழுக்கு யோவான் உள்ளத்தைப் பற்றிப் பொதுப்படையாகப் பேசவில்லை. "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கூட்டம் கேட்டபோது, லூக்கா 3-ஆம் அதிகாரத்தில் அவர் கொடுத்த பதில்கள் எல்லாம் துணி, சாப்பாடு, பணம் பற்றியவை: இரண்டு அங்கி வைத்திருக்கிறவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், வரி வாங்குகிறவர் குறித்ததற்கு மேல் வாங்கவேண்டாம், படைவீரர் மிரட்டிப் பணம் பறிக்கவேண்டாம். அதனால் அலமாரியைக் காலிசெய்யும்போது வெளியே வரும் நல்ல துணிகள் டிசம்பர் முதல் வாரத்திலேயே போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகட்டும். 26-ஆம் தேதி மிச்சமாகப் போகவேண்டாம். வெள்ளையடித்தவர், ரப்பர் வெட்டுகிறவர், வீட்டு வேலைக்கு வருகிறவர் ஆகியோரின் கூலி பாக்கி இருந்தால் கிறிஸ்மஸுக்கு முன்பே தீரட்டும். கொடுக்காத கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். இன்னொன்றையும் இந்த மாவட்டத்துக்காரி என்ற உரிமையில் சொல்கிறேன். நம் ஊரில் நிலம் சென்ட் கணக்கு. அண்ணன் தம்பிக்குள் வேலித் தகராறு, வழித் தகராறு இல்லாத குடும்பம் குறைவு. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிவிட்டு, வீடு திரும்பும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். புதுச் சுண்ணாம்பு அடித்த மதில் அந்தத் தகராறு மதிலாகவே இருந்தால் யோவான் அதைப் பற்றித்தான் கேட்பார். தீர்க்க முடியாததும் இருக்கும், வழக்கு நடந்துகொண்டிருக்கும். பேச்சை மட்டுமாவது தொடங்க முடியும்.

பலகாரத்துக்கு வருகிறேன், உங்கள் பாரம் அதில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். முந்திரிக்கொத்து ஒரு ஆள் செய்யும் பலகாரமே அல்ல. சிறுபயற்றை வறுத்து, தோல் நீக்கித் திரித்து, தேங்காயைச் சிவக்க வறுத்து, கருப்பட்டியோ சர்க்கரையோ பாகு காய்ச்சி, எள்ளும் ஏலமும் சுக்கும் போட்டு, சூடு ஆறுவதற்குள் உருட்டியாகவேண்டும். ஆறிவிட்டால் உதிரும். பிறகு அரிசி மாவில் முக்கி எண்ணெயில் விடவேண்டும். ஒருத்தர் உருட்ட, ஒருத்தர் முக்கிப் போட, ஒருத்தர் கோரி எடுக்க. அச்சுமுறுக்கும் அப்படியே, அச்சு எண்ணெயில் காய்ந்த பக்குவம், மாவு அச்சின் விளிம்புக்கு மேல் ஏறாத பக்குவம் எல்லாம் பக்கத்தில் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தால்தான் கைக்கு வரும். முன்பு இன்றைக்கு உங்கள் வீடு, நாளைக்கு எங்கள் வீடு என்று முறைவைத்துச் சுட்டார்கள். மருமகளுக்கு ஊர்ப்பெண்கள் பழக்கமானதும், பிறந்த வீட்டுக் கதை சொல்ல ஆள் கிடைத்ததும் அந்த எண்ணெய்ச் சட்டியைச் சுற்றித்தான். கூட்டாகச் செய்ய அமைந்த அந்த வேலை, இப்போது கதவடைத்த வீட்டில் அலுவலகம் போய்வரும் ஒருத்தியின் தலையில், ராத்திரி பத்து மணிக்கு மேல் விழுகிறது. பலகாரத்தின் எண்ணிக்கை குறையவில்லை, கைகள் குறைந்துவிட்டன. உங்களுக்கு வந்த நிம்மதிக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். பாரம் இறங்கியதும் தோள் லேசாவதைப் பாவம் என்று எந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் சொல்லமாட்டார்கள்.

பலகாரத்துக்குள் இருக்கிற ஆன்மீகம் இரண்டு இடத்தில் எனக்குத் தெரிகிறது. ஒன்று, சுட்டு வைத்துவிட்டுத் தின்னாமல் இருப்பது. 1966-இல் நோன்பு ஒழுங்குகள் மாறும்வரை கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் கத்தோலிக்கருக்கு ஒருசந்தி நாள், அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடும் நோன்பு நாள். மார்த்தாண்டம் பக்கத்து மலங்கரைக் கத்தோலிக்க வீடுகளில் டிசம்பர் 1 முதல் இருபத்தைந்து நோன்பு இருக்கிறார்கள். வீடெல்லாம் நெய்யும் ஏலக்காயும் மணக்க, நடுச்சாமப் பூசை முடியும்வரை ஒன்றையும் தொடாமல் இருந்த பாட்டிகள் காத்திருப்பை வயிற்றால் அறிந்திருந்தார்கள். இன்று டிசம்பர் பத்திலேயே கேக் வெட்டி, 25 அன்று அலுத்துவிடுகிறது. இரண்டாவது, முதல் ஈடு யாருக்கு என்பது. இணைச்சட்டம் 26-ஆம் அதிகாரத்தில் அறுவடையின் முதற்பலனைக் கூடையில் எடுத்து ஆண்டவர் முன் வைத்து, பிறகு லேவியரோடும் உன்னிடத்தில் தங்கியிருக்கும் அந்நியரோடும் சேர்ந்து மகிழ்ந்திரு என்று இருக்கிறது. லூக்கா 14-இல் ஆண்டவர், திரும்ப அழைக்கக்கூடியவர்களை விருந்துக்கு அழைக்காதே என்கிறார்.

நம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறக்குறைய 47 பேர் கிறிஸ்தவர்கள், 49 பேர் இந்துக்கள், 4 பேர் முஸ்லிம்கள். அதனால் தட்டுப் போய்வருவது நமக்குப் பழக்கம். தீபாவளிக்கு இந்து வீட்டிலிருந்து வரும், பெருநாளுக்கு முஸ்லிம் வீட்டிலிருந்து வரும், கிறிஸ்மஸுக்கு நாம் அனுப்புவோம். அது நல்ல பழக்கம், விடவே கூடாது. ஆனால் அதில் கொடுக்கல் வாங்கல் கணக்கு உண்டு. முதல் ஈட்டில் ஒரு பங்கு, திரும்பத் தட்டு அனுப்ப முடியாத ஒரு வீட்டுக்குப் போகட்டும். தனியாக இருக்கும் விதவை, வெளிமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து வாடகை அறையில் கிடக்கும் பையன்கள், ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார்ந்திருப்பவர்கள், யாராக இருந்தாலும் சரி. பிள்ளைகளையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள்.

"மரியா நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள், நீ மார்த்தா" என்று உங்களிடம் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அடுக்களையில் வியர்த்து நிற்கும் பெண்ணிடம் இதைச் சொல்பவர் பெரும்பாலும் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். அந்தப் பகுதியை (லூக்கா 10:38-42) நிதானமாக வாசித்தால், ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டவளே மார்த்தாதான். சமைத்ததற்காக அவர் அவளைக் கண்டிக்கவில்லை. பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றார். யோவான் 11-இல் "நீரே மெசியா, நீரே இறைமகன்" என்று அறிக்கையிடுகிறவளும் அவளே. அடுத்த அதிகாரத்தில் அவள் மறுபடி பந்தி பரிமாறுகிறாள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதே கதையில் ஆண்டவர் ஒரு பெண் தம் காலடியில் உட்கார்ந்து கேட்பதற்கான இடத்தை யாரும் பறிக்கவிடவில்லை. ஆகவே இந்தப் பகுதி உங்களைவிட உங்கள் வீட்டாருக்கு எழுதப்பட்டது என்பேன். அந்த இடத்தை உங்களுக்கு உண்டாக்கித் தருவது அவர்கள் பொறுப்பு. வரும் வருடங்களில் 24 மத்தியானத்தோடு அடுப்பை அணைத்துவிடுங்கள். இறைச்சி வாங்குவது, கழுவுவது, வெங்காயம் உரிப்பது, 25 காலை ஆப்பத்துக்கு மாவு கரைப்பது எல்லாம் வீட்டு ஆண்களும் செய்யக்கூடிய வேலை. இரண்டு வகை சுடுங்கள், மற்றதை வாங்குங்கள். பக்கத்துத் தெருவில் சுட்டு விற்கும் பெண்ணுக்கு அது டிசம்பர் மாத வருமானம். கிறிஸ்மஸ் பூசையில் உங்களுக்குத் தூக்கம் வந்ததற்கு விசுவாசக் குறைவு காரணமல்ல, வீட்டின் வேலைப் பங்கீடு காரணம்.

நட்சத்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெத்லகேம் நட்சத்திரம் வானவியல்படி என்ன என்று உறுதியாகச் சொல்ல முடியாது; கி.மு. 7-இல் வியாழனும் சனியும் அருகருகே வந்ததை வானியலாளர் கெப்ளர் கணக்கிட்டு அதோடு தொடர்புபடுத்திப் பார்த்தார், வேறு ஊகங்களும் உண்டு. மத்தேயு சொல்ல வந்தது அந்த வெளிச்சம் யாரைக் கூட்டிவந்தது என்பதை. தூரதேசத்தார், வேறு சமயத்தார், அவர்களே வந்து வணங்கினார்கள். நம் நட்சத்திரம் சாலையைப் பார்த்துத் தொங்குவதும் அதற்காகவே என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். எந்தத் தெருவில் பெரியது என்ற போட்டி வந்தால் அந்த அர்த்தம் போய்விடும்.

கடைசியாக, துக்க வீடு. ஏற்பாடு இல்லாத கிறிஸ்மஸ் கிறிஸ்மஸே இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் நம் கடற்கரையை மறந்துவிட்டார். 2004 டிசம்பர் 26-இல், கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை, கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் ஏறியபோது வீட்டு வாசல்களில் நட்சத்திரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்தது. டிசம்பர் 3 அந்த வருடத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வீடுகளில் அந்தத் திருவருகைக் காலம் முழுவதும் கடலுக்குப் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று காத்திருந்தார்கள். பலர் வரவில்லை. அந்த வீடுகளுக்கு எந்த விளக்கமும் கொடுக்க எனக்குத் துணிவில்லை. திருச்சபை தன் நாட்காட்டியில் டிசம்பர் 28-ஐ ஏரோது கொன்ற மாசற்ற குழந்தைகளுக்கு ஒதுக்கியிருக்கிறது என்பதையும், மத்தேயு தம் பிறப்பு வரலாற்றுக்குள்ளேயே ஆறுதல் பெற மறுக்கும் ராகேலின் அழுகையை எழுதியிருக்கிறார் என்பதையும் மட்டும் சொல்வேன். அழுகிற வீடு கிறிஸ்மஸுக்கு வெளியே நிற்கவில்லை.

உங்கள் வீட்டுக்கு: இறந்த வருடம் நட்சத்திரம் போடக்கூடாது, பலகாரம் சுடக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம் அல்ல, ஊர் வழக்கம். நல்ல நோக்கத்தில் வந்த வழக்கம். துக்கத்தில் இருப்பவர்களை விழா வேலையிலிருந்து விடுவித்து, உறவும் அயலும் பலகாரம் கொண்டுவந்து கொடுக்க வழி வைத்தது. அதனால் வருகிறவர்களை வேண்டாமென்று சொல்லாதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வருடம் உங்கள் வீடுதான் திரும்பத் தட்டு அனுப்பாத வீடு. நட்சத்திரம் போடலாமா என்பதை உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். அந்த வீட்டில் அதிகம் இழந்தவர் அவர். அவருக்கு மனமில்லை என்றால் போடவேண்டாம். குடிலுக்கு அவர் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். சின்னதாக ஒன்று வையுங்கள், மாமனார் படம் இருக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். டிசம்பர் 1 முதல் இரவு ஜெபத்தில் லூக்கா நற்செய்தியை நாளுக்கு ஒரு அதிகாரமாக வாசியுங்கள். மொத்தம் 24 அதிகாரம். 24 இரவு பூசைக்குக் கிளம்பும் முன் நீங்கள் வாசித்து முடிப்பது கல்லறை காலியாக இருந்த அதிகாரமாக இருக்கும். பிள்ளைகள் "பிறப்புக்கு முந்தின நாள் ஏன் இதை வாசிக்கிறோம்" என்று கேட்பார்கள். தாத்தாவைப் பற்றி அவர்களோடு பேச அது நல்ல நேரம். அந்த ராத்திரி வாசிக்கச் சொல்லி மாமியாரிடமே புத்தகத்தைக் கொடுங்கள். கண் தெரியவில்லை என்றால் மூத்த பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள்.